வெற்றியோடு முடியாத காதை

பாரத நாட்டின் இருபெருங் காப்பியங்களுள் இராமகாதையை அறியாத இல்லம் இல்லை. 1987-88ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷன் அதனைத் தொடராக ஒளிபரப்பியபோது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் அதே தொடர் மீண்டும் வந்தபோது பேரப் பிள்ளைகளும் கண்டு களித்தனர். இராவணன் வீழ்ந்ததும் பிள்ளைகள் கைதட்டுவர். தீயவன் அழிந்தான், காதை நிறைந்தது என்று கொள்வர். நம் ஆசாரியர்களோ அங்கே நிறைவு செய்யவில்லை. வெற்றிக்குப் பின் அவ்வுயிர்கள் என்ன ஆயின என்றும் வினவினார்கள். அவ்வினாவே இக்காதையின் அறப்பொருளுக்கு வாயில் என்பது நம் கருத்து.

மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் வெகு தொலைவில், நீலகிரியின் லவ்டேலில் வாழும் நம் போன்றோர் இல்லங்களில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இங்குப் பிள்ளைகள் பல சமயத்தாரோடும் கூடிப் பயில்கின்றனர். பள்ளி நாடகத்தில் இராமன் அம்பால் இராவணன் மாய்கிறான். வீட்டிலோ, அவனை மாய்த்தவன் இலக்குவன் என்று பாட்டி சொல்கிறாள். “எது உண்மை?” என்று பிள்ளை கேட்டால் மழுப்புதல் ஆகாது. வால்மீகியும் கம்பரும் தத்தம் நோக்கில் பாடினர். அவர்தம் நூலைப் போற்றும் அண்டை வீட்டாரின் பக்தியை நாம் ஒருபோதும் இகழலாகாது. நம்முள்ளேயே இரு மரபுகள் உள்ளன. விமலசூரி பிராகிருதத்திலும் இரவிசேனர் வடமொழியிலும் கூறியது ஒன்று. குணபத்திரர் உத்தரபுராணத்தில் கூறியது மற்றொன்று. பின்னது சீதையை இராவணனின் மகளாகவே காட்டுகிறது. பல நோக்கையும் மதித்தல் அநேகாந்தம் பயின்றார்க்கு அரிதன்று.

எனினும் இரு மரபும் ஒன்றுபடும் இடம் உண்டு. இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதர் காலத்தவராகிய இம்மூவரும் 63 சலாகா புருடருள் அடங்குவர். இராமன் பலதேவன், இலக்குவன் வாசுதேவன், இராவணன் பிரதிவாசுதேவன். சக்கரத்தால் இராவணனைக் கொன்றவன் இலக்குவன். கொன்றவனும் நரகம் புகுகிறான். கொல்லப்பட்டவனும் நரகம் புகுகிறான். அறத்தின் பக்கம் நின்றவனுக்குமா நரகம் என்று மனம் திடுக்கிடும். வினை பக்கம் பார்ப்பதில்லை. காரணம் நியாயமானது என்பதால் கொலை கொலை அல்லாமற் போகாது. இக்கடுமையை மென்மைப்படுத்திச் சொல்லாதது நம் ஆசாரியரின் நேர்மை.

இராவணன் அரக்கன் அல்லன், வித்தியாதர மன்னன்; ஜின பக்தன். விரும்பாத பெண்ணைத் தீண்டேன் என்று அனந்தவீரிய கேவலியின் முன் விரதம் ஏற்றவன். அச்சிறு விரதமே இலங்கையில் சீதைக்குக் காவலாயிற்று. விமலசூரி காட்டும் இராவணன், சீதையின் துயர் கண்டு ஒரு கட்டத்தில் மனம் வருந்தி, அவளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எண்ணுகிறான். ஆனால் இப்போது அனுப்பினால் உலகம் அஞ்சினான் என்னுமே! எனவே முதலில் இராமலக்குவரைப் போரில் வென்று, பின்பு சீதையை அளிப்போம் என முடிவு செய்கிறான். காமம் தணிந்த பின்னும் மானம் தணியவில்லை. நான்கு கஷாயங்களுள் இந்த மானமே அவனைக் கொன்றது.

இது இலங்கையோடு போயிற்றா? பாகப்பிரிவினையால் பேச்சற்றுப் போன உடன்பிறந்தார் எத்தனை பேர்! வழக்கு நம் பக்கம் தீரட்டும், பிறகு நாமே போய்ப் பேசுவோம் என்பார்கள். தீர்ப்பு வரும், பேச வேண்டியவர் அதற்குள் மறைந்திருப்பார்.

இராமனுக்கும் தளை இருந்தது, அது அன்பு. இலக்குவன் மாண்டபின் அவன் உடலை ஆறு திங்கள் சுமந்து திரிந்தான் என்கிறது பத்மபுராணம். வானோராய்ப் பிறந்திருந்த பழைய நண்பர் இருவர் வந்து, பட்ட மரத்துக்கு நீர் ஊற்றியும், மணலைப் பிழிந்து எண்ணெய் தேடியும் காட்டினர். இது பயன் தருமோ என்றான் இராமன். பிணம் சுமப்பது மட்டும் பயன் தருமோ என்றனர். அவன் தெளிந்தான், துறந்தான், கேவல ஞானம் எய்தி வீடு பெற்றான்.

இனிச் சீதை. தீப்புகுந்து மீண்ட அவளை இராமன் அரண்மனைக்கு அழைத்தான். அவள் இசையவில்லை, ஆரியாங்கனையாகித் துறவு பூண்டாள். பொறுத்தல் வேறு, பணிதல் வேறு என்பதை நம் பெண்மக்கள் இங்கே கற்க வேண்டும். தவத்தால் அவள் அச்சுத கற்பத்தில் இந்திரனாகப் பிறந்தாள். அவ்வுயிர் செய்த செயலே இக்காதையின் உச்சம். நரகத்திற்கு இறங்கிச் சென்று, அங்கும் பகைமை தணியாது போரிட்டிருந்த இலக்குவனையும் இராவணனையும் கண்டு, அறம் உரைத்து, நற்காட்சி கொள்ளச் செய்தது. தன்னைக் காத்தவன், கவர்ந்தவன் என்று பேதம் பாராட்டவில்லை. பிற்காலத்தில் இராவணனின் உயிர் தீர்த்தங்கரர் ஆகும் என்றும், சீதையின் உயிர் அவருக்குக் கணதரர் ஆகும் என்றும் நூல் கூறும்.

ஆகவே, எவரையும் என்றென்றைக்கும் தீயவர் என்று முத்திரையிட நமக்கு உரிமை இல்லை. தீச்செயலைத் தடுப்போம், துன்புற்றார்க்குத் துணை நிற்போம், தீங்கிழைத்தவரிடமிருந்து விலகவும் செய்வோம். ஆயினும் அவருள் உறையும் உயிர் ஒருநாள் தேறும் என்ற நம்பிக்கையைக் கைவிடலாகாது. போர் முடிவதால் பகை முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர் நெஞ்சில் அது அடங்கும்போதே முடிகிறது.

தசலட்சண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமை. அடுத்த நாள் உத்தம மார்தவம். பொறுமையை அடுத்துப் பணிவை வைத்த முறைமையைச் சிந்திப்போம். மானத்தை விட்டாலன்றி, பொறுத்தேன் என்ற சொல் நாவளவிலேயே நின்றுவிடும். வரும் பர்வத்தில் பிள்ளைகளை அருகமர்த்தி இக்காதையை இலங்கைப் போரோடு நிறுத்தாமல் இறுதிவரை கூறுவோமாக. அவர்கள் அப்போதும் கைதட்டக்கூடும். சீதையின் உயிர் நரகவாயிலில் நின்று அறம் உரைக்கும் இடத்தில் தட்டட்டும்.

அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!