ஒறுத்தலும் பொறுத்தலும்

திருவாரூர் வீதியில் அரசிளங்குமரனின் தேர்க்காலில் சிக்கி ஒரு கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். தலைநகரில் வளரும் நம் மக்களுக்கும் நாம் சொல்லித்தரும் கதை இது. ஆயினும் பெரியபுராணத்தில் இதன் முடிவை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மன்னன் ஏவிய பணிக்கு மனமொப்பாத அமைச்சன் தன் உயிரை நீத்தான். பின்னரே மன்னன் தானே தேரைச் செலுத்தினான். ஓர் உயிர் போன இடத்தில் மூன்று உயிர்கள் போயின, கன்றோ எழவில்லை. இறைவன் தோன்றி அருளிய பின்னரே கன்றும் மைந்தனும் அமைச்சனும் எழுந்தனர்.

தண்டனையால் இழப்பு ஈடாவதில்லை என்பதைச் சேக்கிழார் அறிந்திருந்தார் போலும்! இழந்ததை மீட்கத் திருவருள் வேண்டியிருந்தது. நம் காலத்து நீதிமன்றங்களுக்கோ அவ்வருள் வாய்ப்பதில்லை.

அங்ஙனமாயின் தண்டனை எதற்கு? குற்றத்தை ஆராய்தல், அது மீண்டும் நிகழாமற் காத்தல், குற்றத்திற்கு ஒப்ப ஒறுத்தல் என மூன்றையும் வேந்தன் கடனாக்கினார் வள்ளுவர். கொடியோரைக் கொல்வதைக் களையெடுத்தலுக்கு ஒப்பிட்டவரும் அவரே. எனவே அவர் வெறுத்தது தண்டனையை அன்று. அளவு கடந்த தண்டனையை. பழியுணர்ச்சிக்கு எல்லை இல்லை. ‘இவ்வளவு’ என்பதோடு ‘இதற்குமேல் இல்லை’ என்றும் சொல்வதே நீதி.

இவ்வெல்லை எத்துணை அரிது என்பதற்கு நம் காலமே சான்று. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். உடன் மடிந்தோர் பலர். 1998-இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது; மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, நால்வருக்கே மரண தண்டனையை உறுதி செய்தது. ஆராய்தலின் அருமை இதனால் விளங்கும். நால்வருள் நளினியின் தண்டனை 2000-இல் ஆயுளாகக் குறைந்தது. எஞ்சிய மூவரின் கருணை மனு 11 ஆண்டுகள் காத்திருந்து, 2011-இல் மறுக்கப்பட்டது.

கோப்புகளோடு வாழ்பவன் நான். ஓய்வூதியக் கோப்பு ஒரு மேசையில் உறங்கினால் எங்கோ ஒரு கைம்பெண் கடன்படுகிறாள் என்பதை அறிவேன். உயிர்க்கோப்பு உறங்கினால்? ஒவ்வொரு விடியலிலும் தூக்குக் கயிற்றை எண்ணி எழும் அவ்வேதனையை எந்தத் தீர்ப்பும் விதிக்கவில்லை. ஈரோட்டு மண்ணில் பிறந்த தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, 2014 பிப்ரவரி 18 அன்று, இத்தாமதம் கருதியே மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. 2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பரில் ஏனைய அறுவரும் விடுதலையாயினர்.

நளினியின் உயிருக்காகப் பரிந்து வேண்டியவர், கணவரை இழந்த சோனியா காந்தி. 2008-இல் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைக் கண்டார். இப்பொறை வணங்கத்தக்கது. ஆயினும் அன்று உடன் மடிந்த காவலர் வீட்டிலும் தொண்டர் வீட்டிலும் அழுதவர்கள் உண்டன்றோ? தமக்கு இழைத்த தீங்கை ஒருவர் பொறுக்கலாம். அயலாருக்கு இழைத்ததைப் பொறுக்க எவருக்கும் உரிமை இல்லை. அரசுங்கூட மன்னிப்பதில்லை, தண்டனையின் எல்லை வந்துவிட்டது என்று மட்டுமே கூறுகிறது. இவ்வேறுபாட்டை மறப்பதால்தான் ஒரு சாரார் விடுதலையை வெற்றியெனக் கொண்டாடுகின்றனர். மறு சாரார் துரோகமெனத் தூற்றுகின்றனர்.

துலாக்கோலின் இரு தட்டும் இவ்வுலகில் முற்றும் சமமாவதில்லை. கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் அடைவதே தன் கடன் எனக் கருதினான் சோழன். அவன் தேர்க்காலை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அத்துயரப் பகிர்வைப் பின்பற்றலாம். குற்றவாளிக்கு அளவோடு ஒறுத்த அரசு, இழந்தவர் வீட்டுக் கதவை மறவாது தட்டுமாயின், அதுவே நம்மால் இயன்ற அருள்.