மூன்று விநாடி பொறுங்கள்

பேராக்கின் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, நாளைக் காலை வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டபின் மூன்று விநாடி பேசாமல் நில்லுங்கள்.

சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். மூன்று விநாடி காத்திருந்தபோது பிள்ளைகள் நீளமாகப் பேசினார்கள். காரணமும் சேர்த்துச் சொன்னார்கள். வாயே திறக்காதவர்களும் பேச முன்வந்தார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் வகுப்புகளில் இன்னும் முன்வரிசைப் பிள்ளைதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறது.

சுங்கை சிப்புட் பக்கமோ பாகான் டத்தோ பக்கமோ, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை 'வண்ணத்துப்பூச்சி' என்ற சொல்லின் மேல் விரல் வைத்து வாசிக்கிறாள். 'வண்ண' வரை வந்த விரல் 'த்'தில் நிற்கிறது. உதடு அசைகிறது. அதற்குள் ஆசிரியரே முழுச் சொல்லையும் சொல்லிவிடுகிறார். அவள் திருப்பிச் சொல்கிறாள், "கெட்டிக்காரி" என்ற பாராட்டும் கிடைக்கிறது. அவள் வாசிக்கவே இல்லை! பத்துப் பதினைந்து பேர் உள்ள வகுப்பிலும் இது நடப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாணவர் குறைந்த பள்ளி என்று வருந்துகிறோமே, ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் அருகில் உட்கார்ந்து கேட்க அங்கேதானே முடியும்?

தொடக்கப்பள்ளியின் இறுதியில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் அகற்றினார்கள். நல்லதுதான். ஆனால் தடுமாறும் பிள்ளையைக் கண்டுகொள்ளும் பொறுப்பு இப்போது பெரும்பாலும் வகுப்பறை மதிப்பீட்டின் மேல், அதாவது உங்கள் மேல். நீங்கள் தவறவிட்டால் அந்தப் பிள்ளை படிவம் ஒன்றில் மலாய்ப் பாடநூலுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்.

பயிற்சி மாணவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். 1922-இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய பயிற்சிக் கல்லூரிதான் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அங்கேயும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் செயலாய்வு செய்கிறீர்கள்: முன்சோதனை, நடவடிக்கை, உடனே பின்சோதனை. புள்ளி ஏறுகிறது, ஏடு அலமாரிக்குப் போகிறது. உடனே வைக்கும் சோதனையை நம்பாதீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

அதனால் உங்கள் ஆய்வில் இடம்பெற்ற பிள்ளைகளிடம் பருவம் முடிவதற்குள் திரும்பப் போங்கள். அதே பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் விரல் நிற்கிறது என்று குறித்து, அந்தத் தாளை அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.