யாரும் அளக்காத வேலை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓர் ஊர் ஏரி. நூறு நாள் வேலை முடிந்து, வருகைக்கான போட்டோவும் எடுத்தாகிவிட்டது. பெண்கள் கூடையோடு கிளம்பிவிட்டார்கள். ஓர் அம்மா மட்டும் கரையில் கொட்டிய மண்ணை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். "யக்கா, போட்டோதான் புடிச்சாச்சே, வா" என்று கூப்பிட்டதற்கு, "இரு, வரேன்" என்றவர், இன்னும் நாலு தட்டு தட்டினார்.

அந்தத் தட்டுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. வெட்டிய குழிக்கு நீளம், அகலம், ஆழம் உண்டு. கூலிக்கு அதுதான் கணக்கு. தட்டிய கரைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. 2006 பிப்ரவரியில் இந்த நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் வந்த 200 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. 'மரத்தடியில் உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள்' என்ற ஏச்சும் கூடவே வந்துவிட்டது.

சின்ன வயதில், விதைப்புக்கு முன்பு ஆயா வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை (வேர்க்கடலை) உடைப்போம். தோல் உரிந்த பருப்பு முளைக்காது என்பதால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து உடைத்தோம். ஒரு வருடம் மாமா, படிக்கு இவ்வளவு காசு என்றார். அன்று படி சீக்கிரம் நிறைந்தது. ஆயாதான் ராத்திரி உட்கார்ந்து, பிளந்த பருப்பையெல்லாம் பொறுக்கி எடுத்தார்.

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் எழுதியதை எப்போதோ படித்தேன். புதிர் விளையாட்டுக்குக் காசு வாங்கிய மாணவர்களுக்கு, காசு நின்றதும் அதில் நாட்டம் குறைந்துபோனதாம். எங்கள் திண்ணைக்கு அது பொருந்துகிறது. ஏரிக்கரைக்குப் பொருந்தவில்லை. அந்த மாணவர்களுக்கு அது விளையாட்டு. இந்த அம்மாவுக்கு அன்றாடச் சோறு. கூலி இல்லையென்றால் அவர் வந்தே இருக்கமாட்டார். வந்தபின் தட்டியது எதற்காக?

மழை வந்தால் மண் சரியும், மறுபடி நாம்தானே சுமக்க வேண்டும் என்ற கணக்கா? வீட்டுத் திண்ணை மெழுகிய கைப்பழக்கமா? குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம், ஆள்வினையுடைமை 62. உள்ளத்தின் எழுச்சியையும் கையின் உழைப்பையும் வள்ளுவரே தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அவரையே கேட்டிருந்தாலும் 'சும்மாதான்' என்றிருப்பார். அவர் ஏன் தட்டினார் என்று எனக்குத் தெரியாது. மரத்தடியைக் காட்டி ஏசுகிறவர்களுக்கும் தெரியாது.