பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த டப்பா

அக்காவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் அந்த டப்பா இருந்தது. மேலே பச்சை இலைப் படம், 'நூறு சதவீதம் மூலிகை' என்ற எழுத்து. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கேப்ஸ்யூல்களில் பாதி தீர்ந்திருந்தன.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அக்காவுக்கு உடம்பு போட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி, "என்னடி இது, ரெட்டைநாடியா ஆயிட்டே?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டாள். அக்கா சிரித்தாள். இலையில் வைத்த ஜாங்கிரியை மட்டும் தொடவில்லை. அடுத்த வாரம் யாரோ சிநேகிதி மூலம் டப்பா வீட்டுக்கு வந்திருக்கிறது.

மாத்திரை வேலை செய்தது. அதை மறைத்துப் பேசினால் பொய்யாகிவிடும். "பசியே எடுக்கலடி" என்று அவள் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். ஒன்றரை மாதத்தில் 6 கிலோ குறைந்தது. பழைய ஜாக்கெட்டின் கொக்கி மாட்டியது. எப்படி என்று கேட்டவர்களிடம் கொள்ளு ரசம் என்றாள்.

பிறகு வாய் வறண்டது, தூக்கம் போனது. ஒரு ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போனோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் "ஒண்ணும் இல்ல" என்றாள். நான்தான் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். "இதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னிக்கே நிறுத்துங்க" என்றார்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் மூலிகை என்று விற்கும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பசியை அடக்கும் அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றிவிடும். இதய நோய்க்கு வாய்ப்புள்ளவர்கள் சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்த பிறகு, 2010இல் அமெரிக்காவிலும் 2011இல் இந்தியாவிலும் அதை நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால், 1930களில், அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்ற மாத்திரை பரவலாக விற்றது. கொழுப்பை எரிக்கத்தான் செய்தது, கூடவே உடம்புச் சூட்டை அடங்காமல் ஏற்றிப் பலரைக் கொன்றது. சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது.

எல்லா மருந்தும் நஞ்சு என்று நான் சொல்லவரவில்லை. உடல் பருமன் சிலருக்கு வைத்தியம் தேவைப்படும் நோய். டாக்டர் எழுதிக்கொடுத்து, கண்காணித்து, பக்கவிளைவு சொல்லித் தரும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம்தான் அக்காவை டாக்டரிடம் போகவிடாமல் பீரோவுக்கு அனுப்பியது. குண்டு என்று சொல்லிக் காட்டுவதை அக்கறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லில் அக்கறை இல்லை. அதைக் காதில் வாங்கியவள் அன்று பந்தியில் ஜாங்கிரியைத் தொடவில்லை, அவ்வளவுதான் அது செய்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கலாம். கண்ணில் பட்டால் திட்டாதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு, அவரோடு நீங்களும் டாக்டரிடம் போங்கள்.