ஓசையும் வீதியும்

“சேர், கடவுள் இல்லை என்கிறீர்கள். பிறகேன் ஆடிவேலுக்குக் காலி வீதியில் நின்றீர்கள்?”

வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவன் கேட்டான். நாதசுரம் கேட்க நின்றேன் என்றேன். அவன் சிரித்தான்.

அச்சிரிப்பில் நியாயம் உண்டு. நான் சொன்னது அரை உண்மையே. வெள்ளவத்தையில் மண்டபக் கச்சேரிகளிலும் நாதசுரம் கேட்டிருக்கிறேன், கண் கலங்கியதில்லை. செட்டியார் தெருவிலிருந்து வரும் தேருக்கு முன்னே, சனத்திரளின் நடுவே கேட்கும்போதுதான் கலங்குகிறது. ஆகவே என்னைத் தொட்டது இராகம் அன்று. இவ்வீதி சிறிது நேரத்துக்கேனும் எம்முடையது என்னும் உணர்வு. கொழும்பில் வாழும் தமிழருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. எனினும், அவ்வுணர்வை நான் ஐயுறுகிறேன்.

ஐயுறுவதற்கு நான் வளர்ந்த கொட்டாஞ்சேனையே காரணம். 1883ஆம் ஆண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளையிலிருந்து ஒரு பௌத்த ஊர்வலம் மேளதாளத்துடன் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்தது. பாணந்துறை விவாதத்தாற் புகழ்பெற்ற மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரை அது. அருகே புனித லூசியா பேராலயம். கோயில் மணிகள் ஒலித்தன, கத்தோலிக்கர் திரண்டனர், ஊர்வலம் தாக்கப்பட்டது, உயிரும் போயிற்று. ஒருவர்க்குப் பூசையான மேளம் மற்றவர்க்கு இகழ்ச்சியாயிற்று. முறையீடு இலண்டன் வரை சென்றது. 1885இல் வெசாக் பொது விடுமுறையானது இதன் பின்விளைவுகளுள் ஒன்று.

கம்பளையில் நிகழ்ந்ததும் இத்தகையதே. பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹராவின் மேளம் ஒலிக்கலாமா என்பது வழக்காகி, 1914இல் ஒருவிதமாகவும் 1915இல் மேன்முறையீட்டில் நேர்மாறாகவும் தீர்க்கப்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலகம் கொழும்பு வரை பரவி முஸ்லிம்களின் கடைகளைச் சூறையாடியது. உலகப்போர்க் காலத்து விலையேற்றத்தால் வெந்துகொண்டிருந்த வயிறுகளுக்கு மேளம் ஒரு சாட்டு என்று நாம் சொல்வோம். சரியே. ஆனால் அந்தச் சாட்டு ஏன் அத்தனை எளிதிற் பலித்தது? கண்கலங்கி நின்ற என்னையும் சேர்த்தே இதைக் கேட்கிறேன்.

1996 மார்ச் 17 இரவு, இலங்கை அணி லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றபோது எனக்கு ஒன்பது வயது. தெருவெங்கும் சீனவெடி. அம்மா எழுந்து சன்னல்களைச் சாத்தினார். மத்திய வங்கியிற் குண்டு வெடித்து இரண்டு மாதமும் ஆகவில்லை. வெடியோசையைத் தொடர்ந்து அடையாள அட்டையைக் கேட்டு வருவார்கள் என்பது எங்கள் வீடு கற்ற பாடம். அணியில் முரளிதரன் இருக்கிறாரே என்று நான் துள்ளினேன். என் துள்ளலும் மெய், அம்மாவின் அச்சமும் மெய். ஒரே ஓசை, ஒரே வீடு.

இக்கலகங்களைப் பற்றிப் படிக்கையில் இன்னொன்றும் உறுத்துகிறது. மேளத்தின் மானத்துக்காக மனிதர் வெட்டுண்டனர். அம்மேளத்தை அடித்தவருக்கு அந்த மானத்தில் என்ன பங்கு? சிங்களரிடையே பேரிகை முழக்கும் பெரவா சாதியார் தாழ்த்தப்பட்டவர். எம்மவர் மட்டும் என்ன செய்தனர்? சாவுக்கும் சடங்குக்கும் பறை வேண்டும். பறையடித்தவர் திண்ணைக்கும் வரலாகாது என்றது யாழ்ப்பாணம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோர் போராடியபோது வழிமறித்தவர்கள், முருகனுக்காக உருகிய அதே பக்தர்களே. அவர்களும் நாதசுரம் கேட்டுக் கண்கலங்கியிருப்பார்கள்.

இவ்வளவையும் அந்த மாணவனுக்குச் சொல்லவில்லை. வருகிற ஆடியில் என்னோடு வரும்படி மட்டும் அழைத்திருக்கிறேன். தேருக்கு முன்னே, விரல்களிற் கூடு மாட்டி, சட்டையற்ற மார்பில் வியர்வை வழியத் தவில் வாசித்துச் செல்பவரின் பக்கத்தில் நடந்துபோவோம். அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார், இரவு எங்கே உறங்குவார் என்று அவனே கேட்கட்டும்.