நான்கரைப் பாய் அறை

ஜப்பான் தேசத்தில் ‘கோவுதா’ என்றொரு சிறுபாட்டு மரபுண்டு. நான்கரைப் பாய் விரித்த சிற்றறையில், மூன்று தந்திகளையுடைய ஷாமிசென் வாத்தியத்தை, வழக்கமான அகன்ற மீட்டுகோலை விலக்கி விரல் நுனியாலேயே மெல்ல வருடி, அருகில் அமர்ந்திருப்போர் செவிக்கு மட்டும் எட்டும் குரலில், சில நிமிஷங்களுக்குள் பாடி முடிக்கப்பெறும் அப்பாட்டுக்குப் பெருமேடை அந்நியமானது. அதன் முதல் தந்தி எழுப்பும் ‘சவாரி’ என்னும் ரீங்காரமோ, நம் தம்புராவில் ஜீவாளி நூல் பிறப்பிக்கும் நாதத்துக்கு நெருங்கிய உறவு.

அருகமர்ந்து கேட்கும் இந்த இசையின் ஆனந்தத்தின் பொருட்டுக் கடல் கடக்க வேண்டுவதில்லை. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், நடவு முடிந்து கரையேறிய கைகள் தூளியை ஆட்டத் தொடங்கும் அந்தி வேளையில், கயிறு விட்டத்தில் உரசும் ஓசையே சுருதியாக அமைய, ஒரே ஒரு குழந்தையை ரசிகனாகக் கொண்டு ஒரு தாய் பாடுகின்றாளே, அதைவிட அந்தரங்கமான கச்சேரி எங்கேயுளது? 1943-இல் அப்பகுதியிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்து, 2025-இல் லண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜாவின் செவி முதலில் திறந்ததும் இத்தகைய கிராமியப் பாட்டுகளிடையேதான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் தாலாட்டறிந்த முதியவள் ஒருத்தி இருப்பாளாயின், வானொலியை நிறுத்திவிட்டு, இன்றிரவே அவளருகில் சென்று அமருங்கள்; பாடச் சொல்லிக் கேளுங்கள்.