தைக்காத துணியும் அடைக்கலப் பொருளும்

இல்லறத்தார்க்கு உரைக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் வரைதலைப் பற்றிப் பேசும்போது நிலம், வீடு, பொன் ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் தரும் பட்டியல் அவற்றோடு நிற்பதன்று. அதன் இறுதியில் 'குப்பியம்' என்ற ஒன்றும் உண்டு. சர்வார்த்தசித்தி என்னும் உரையில் பூஜ்யபாதர் அச்சொல்லுக்குப் பட்டு, பருத்தி முதலிய துணிவகைகளையும் சந்தனம் போன்றவற்றையும் பொருளாகக் காட்டுகிறார். ஆகவே துணிக்கும் அளவு உண்டு. இதைப் பலமுறை படித்தவள் நான். பிறருக்கு எடுத்துச் சொன்னவளும் கூட. ஆயினும் என் தையலறையை அவ்விரதத்தின் எல்லைக்குள் வைத்துப் பார்த்தேன் அல்லேன்.

தையலறை என்பது சற்றே பெரிய சொல். வீட்டின் பின்கட்டில், தையல் இயந்திரமும் மூன்று டிரங்குப் பெட்டிகளும் இருக்கும் சிறிய அறை அது. வெள்ளாறு ஒருபுறமும் வீராணம் ஏரி மறுபுறமுமாக உள்ள எங்கள் சேத்தியாத்தோப்பில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். சென்ற மார்கழியில், பேத்தி படிப்பதற்கு அவ்வறை வேண்டும் என்றார்கள். பெட்டிகளைத் திறந்தேன்.

அடித்துணிகளில் இராமபாணப் பூச்சிகள் ஓடின. துணியைக் காக்கவென்று நான் இட்டிருந்த பாச்சை உருண்டைகள் கரைந்து பெரும்பாலும் காற்றோடு போயிருந்தன. அவை எதற்காக இடப்படுகின்றன என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். எறும்புக்கு ஒதுங்கி நடக்கும் நாம், நமக்குத் தேவையில்லாத துணிக்காக ஒரு பெட்டியையே பூச்சிகளுக்குக் கொலைக்களமாக்கி வைக்கிறோம். வேப்பிலையும் வசம்பும் இட்டிருக்கலாம் என்பீர்கள். இடலாம். ஆனால் பூச்சி வந்து குடியேறும் அளவுக்குத் துணி அங்கே ஏன் இருந்தது?

எண்ணிப் பார்த்தேன். 71 துண்டுகள்! சிதம்பரத்துக் கடைவீதியில் தள்ளுபடிக்கு வாங்கிய ஜாக்கெட் துணிகள். திருமணங்களில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவை. பாதி மடித்துத் தைத்து நின்ற தலையணை உறைகள். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கென வெட்டிய கவுன். அவளுக்கு இப்போது பதினேழு வயது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குத் தையலும் ஒரு பாடம். ஓட்டுத்தையல், ஓரத்தையல், காஜா, ஒட்டுப் போடுதல், இழையோட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரித் துணி தைத்து ஏட்டில் ஒட்டவேண்டும். முடிச்சிடாமல் நூலை அறுத்துவைத்த மாதிரிக்கு மதிப்பெண் கிடையாது. அந்த ஏட்டுக்கு நல்ல மதிப்பெண் பெற்ற கை இது என்று நினைக்க நாணமாக இருந்தது.

என் மருமகள் எளிய வழி ஒன்று சொன்னாள். "எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி யாருக்காவது குடுத்துடலாம் அத்தை. புண்ணியமாவது கிடைக்கும்."

எனக்கு 2004 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடலூர் மாவட்டக் கரையையும் நாகப்பட்டினத்தையும் அழித்தபோது, நாடெங்கிலுமிருந்து துணிகள் லாரிகளில் வந்து குவிந்தன. நானும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் திரட்டி அனுப்பினேன். கிழிந்தவை, அழுக்கானவை, நம் ஊர் வெயிலுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாதவை எல்லாம் அவற்றுள் இருந்தன. வாங்குவார் இன்றிச் சாலையோரங்களில் அவை மழையில் நனைந்து கிடந்ததைப் பலரும் பார்த்தோம். கடலுக்கு எல்லாவற்றையும் இழந்த மீனவ மக்களுக்கு மானம் இருக்கும் என்பதை நாம் எண்ணவில்லை. 1999 இல் தில்லியில் அன்சு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பினர், அப்படி ஒதுக்கப்பட்ட துணிகளை எடுத்துப் பிரித்துப் பயனுள்ள பொருள்களாக மாற்றினர். கொடுத்தவர்கள் செய்யத் தவறிய வேலையை அவர்கள் செய்தார்கள் என்றே சொல்லவேண்டும். நான் அனுப்பிய மூட்டை எங்கே கிடந்ததோ!

ஆகையால் மூட்டை கட்டாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நல்ல துணிகளை மடித்து, அளவு எழுதிக் காகிதம் செருகி, தையல் பழகும் பெண்கள் இருவரிடம் கேட்டு, அவர்கள் வேண்டும் என்றதை மட்டும் கொடுத்தேன். கவுனை வைத்துக்கொண்டேன். அது மயக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். பொருளை அன்று, பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே பற்று என்று ஆசாரியர் காட்டினார். அந்த ஒரு முழத் துணியில் அது எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாம் பெட்டியின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நீலத்தில் வெள்ளைப்பூ அச்சிட்ட ஜாக்கெட் துணி, வெட்டியபடியே இருந்தது. அது என்னுடையதன்று.

1997 இல் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்துவந்த அம்மையார், தீபாவளிக்கு முன்பு மூன்று துணிகளையும் ஓர் அளவு ஜாக்கெட்டையும் என்னிடம் கொடுத்திருந்தார். மூன்றாவதை வெட்டும்போது கவனம் பிசகி, இரண்டு கைகளையும் இடக்கைக்கே வெட்டிவிட்டேன். ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட துணியாதலால் திருப்பிப் போட இயலாது. மீதித் துணியும் போதவில்லை. வேறு வாங்கித் தைத்துத் தரலாம் என்று எடுத்துவைத்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் அவர் வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு, "ரெண்டுதானே டீச்சர் குடுத்தேன்?" என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன்.

அடைக்கலமாக வைத்த பொருளை வவ்வுதல் சூத்திரத்தில் எந்த விரதத்தின்கீழ் வருகிறது என்று வாசகர்கள் அறிவார்கள். கள்ளாமையின்கீழ் அன்று, வாய்மையின் அதிசாரங்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் இப்படி என்று நான் முன்னர் வியந்ததுண்டு. வைத்தவர் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, வாங்கியவர் அவ்வாறே ஆகுக என்று ஒத்துக்கொள்வதை உரைகாரர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஆசையால் எடுக்கவேண்டியதில்லை. விலை மிகுந்திருக்கவும் வேண்டியதில்லை. எனக்கு அந்தத் துணி வேண்டியிருக்கவே இல்லை. என் கைப்பிழை வெளிப்படாதிருக்க வேண்டும், அவ்வளவே. ஆசிரியைக்கு வெட்டத் தெரியவில்லை என்ற சொல்லுக்கு அஞ்சி ஒரு தலையசைப்பு. மருமகள் சொன்னவாறு மூட்டை கட்டியிருந்தால், பிறர் பொருளை என் தானமாகவும் கணக்கெழுதியிருப்பேன்.

இரண்டு நாள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். அடிநூல் சுற்றுவதற்கே இப்போது கண்ணாடி வேண்டும். இடக்கையை அத்துணியிலேயே தைத்து, வலக்கைக்கு என் துணியிலிருந்து அடர்நீலத் துண்டு ஒன்றை எடுத்து வெட்டினேன். பிறகு இரண்டு கை இருவேறாக இருப்பது பொருந்தாது என்று இடக்கைக்கும் ஓரத்தில் அடர்நீலப் பட்டை வைத்தேன். அழகு என்று சொல்லமாட்டேன்.

அம்மையார் வெள்ளாற்றுக்கு அக்கரையில் மகன் வீட்டில் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். ஜாக்கெட்டைக் கொடுத்ததும், "எனக்குன்னா டீச்சர் தச்சுக் கொண்டாந்தீங்க? இந்த வயசுல?" என்று கண் கலங்கி, பேரனை அழைத்து முருங்கைக்காய் பறித்துவரச் சொன்னார். அங்கேதான் நான் தடுமாறினேன். அவர் மறந்துவிட்டார். நான் பேசாமல் முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு எழுந்துவந்தால் அது பரிசாகவே நின்றுவிடும்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், தலையசைத்தது வரையில். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் ஜாக்கெட்டை மடியில் விரித்துக் கைகளைத் தடவிப் பார்த்தார்.

"எந்தக் கைய டீச்சர் தப்பா வெட்டுனீங்க?"

"வலக்கை" என்றேன்.

அவர் தம் வலக்கையை அதில் நுழைத்துப் பார்த்தார்.